எலுமிச்சம்பழம் வெட்டாத கத்தி

தாலுகா கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வான்? ஆற்றங்கரைக்குக் காலாற நடப்பான், கோயிலுக்குப் போவான், வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர் வம்பு பேசுவான். ஸ்ரீவைகுண்டம் சிவசைலம் பிள்ளை கத்தி செய்தார். விற்பதற்கு அல்ல. யாரும் கேட்கவும் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

ஐயம்பெருமாள் ஆசாரியின் பட்டறையில் மண்வெட்டி தட்டக் காத்திருந்த நாளில் பிடித்த பைத்தியம் அது. ஆசாரி கழித்துப் போட்ட தேய்ந்த அரத்தைக் கேட்டு வாங்கிவந்து, புறவாசலில் கரியடுப்பும் துருத்தியும் வைத்து ஆரம்பித்துவிட்டார். முதல் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். படீரென்று விரிசல் விட்டது. அடுத்ததை எண்ணெயில் முக்கினார். காய்ச்சியது போதாமல் தகரம் மாதிரி வளைந்தது. பாதி மீசை கருகியதுதான் மிச்சம். மூன்று மாதம் கழித்து, ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், மூன்றாவது கத்தியைத் தீட்டி முன்கையில் வைத்து இழுத்தார். மயிரை மழித்துக்கொண்டு போயிற்று! மனுஷர் குதித்தே விட்டார்.

"ஞானம், இங்கன வந்து பாரேன்!"

மனைவி ஞானம்பாள் வந்து பார்த்தாள், சோறு பொங்குகிறதென்று அடுப்படிக்குப் போனாள். கத்தியை மாடத்தில் வைத்துவிட்டு அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்.

காலமோ கெட்ட காலம். மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையைச் சுட்டுக் கொன்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜில்லா முழுக்கப் போலீஸ் வீடு புகுந்து சோதனை போட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை ஈரவேட்டியோடு திரும்பியபோது வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் பாக்கியசீலனும் ஒரு ஏட்டும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கையில் ஒரு மொட்டைக் கடுதாசி. இன்னொரு கையில் அந்தக் கத்தி.

"இது என்னவே?"

"கத்தி, ஐயா."

"எனக்குத் தெரியாதாக்கும்! யாருக்குச் செஞ்சது?"

"யாருக்கும் இல்ல. சும்மா செஞ்சேன்."

"கச்சேரியில பேனா பிடிக்கிற பிள்ளைமாரு, சும்மா உலை வச்சுக் கத்தி அடிக்கீரு. அதை நான் நம்பணும்?"

பிள்ளைக்கே இப்போது குழப்பம் வந்துவிட்டது. எதற்காகத்தான் செய்தோம்? உத்தியோகம் போவதும், கைவிலங்கோடு பாளையங்கோட்டை ஜெயிலுக்கு நடப்பதும்தான் கண்ணில் தெரிந்தது.

"மொண்ணையால்லா இருக்கு, ஐயா" என்றார் ஏட்டு, கத்தியைத் தடவிப் பார்த்து.

"மொண்ணையா? காலையிலதான மயிரு மழிச்சுது! நல்லா வெட்டும்!"

அட பாவி மனுஷா, வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாதா! இன்ஸ்பெக்டரின் கண் சுருங்கியது.

"வெட்டுமா? அம்மா, எலுமிச்சம்பழம் ஒண்ணு கொண்டாங்க, பாப்போம்."

ஞானம்பாள் இடக்கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, வலக்கையால் பழத்தை வைத்துவிட்டுப் போனாள். இன்ஸ்பெக்டர் கத்தியை வைத்து அழுத்தினார். பழம் நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. எடுத்துவந்து மறுபடி அழுத்தினார். பழம் நசுங்கியதே தவிர, தோல் கீறவில்லை. ஏட்டுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

"இதை வச்சா ராஜாங்கத்தைக் கவுக்கப் போறீரு? போயி ஒழுங்கா பேனாவைப் பிடியும்."

கத்தியைத் தரையில் போட்டுவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். தப்பித்தோம் என்று பிள்ளை சாமியைக் கும்பிட்டிருக்க வேண்டும். அவரோ கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். குளிக்கப் போன நேரத்தில் இரும்புக்குப் பதம் போகுமா? வேறு யாருடைய கத்தியோ? இல்லையே, பிடியில் அவர் கோணலாக அடித்த ஆணி அப்படியே இருக்கிறது. வெளிச்சத்தில் திருப்பினார். கூர் மழுங்கி உருண்டிருந்தது, கல்பொடி ஒட்டியிருந்தது. புறவாசலுக்கு ஓடினார். அம்மியில் கறுப்பாக இரும்புக் கோடுகள்.

"ஞானம்! மூணு மாசம்லா! கண்ணு பொங்கப் பொங்க ஊதினேன். இப்படிக் கெடுத்துட்டியே!"

"நீங்க அங்கிட்டுப் போனதும் பால்காரி மாரிக்கண்ணு ஓடியாந்தா. அடுத்த தெருவுல வீடு வீடா ஏறுதாவன்னு சொன்னா. ஒளிச்சு வச்சா எடுத்துருவாவ, கிணத்துல போட்டா இறங்கித் தேடுவாவ. நான் என்ன செய்யச் சொல்லுதிய?" அவளுக்கு அழுகை முட்டியது. "உங்களக் கூட்டிட்டுப் போயிட்டா நான் எங்க போவேன்?"

முந்தானைக்குள்ளிருந்து இடக்கை வெளியே வந்தது. பெருவிரலில் சுற்றியிருந்த துணி முழுக்க ரத்தம்.

"அம்மியில வச்சு மொத இழைப்பு இழைச்சேன். வழுக்கி இங்கன இறங்கிட்டு."

பிள்ளை துணியைப் பைய அவிழ்த்தார். பிசிறில்லாமல், நேராக, ஆழமாக இருந்தது வெட்டு. கண் நிறைந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லா இறங்கிருக்கு, இல்லியா?"

ஞானம்பாள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வெட்டுது" என்றாள். "போதுமா?"

அவர் ஈரவேட்டியின் ஓரத்தைக் கிழித்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். ரத்தம் வழுக்கிக் கட்டு நிற்கவே இல்லை; அவிழ்த்து மறுபடி சுற்றினார்.