பழைய படத்தை அழிக்கவா?

என்னைப் போன்ற சோம்பேறியை எந்த ஸ்டுடியோவும் வேலைக்கு வைக்கக் கூடாது. பச்சைக் குழந்தைகளைப் படம் எடுத்துத் திருத்துவது என் பிழைப்பு. பிறந்த குழந்தைகள் எல்லாம் தக்காளி மாதிரிதான் இருக்கும். சிவப்பைக் குறை, புள்ளிகளை அழி, வெளிச்சத்தைக் கூட்டு, சேமி. நூறு படத்துக்கும் இதே பல்லவி. அதனால் அத்தனையையும் ஒரு முறை செய்து கம்ப்யூட்டரில் ஆக்‌ஷனாகப் பதிந்து வைத்தேன். ஒரு பொத்தானைத் தட்டினால் மொத்த ஃபோல்டரையும் அதுவே முடித்துவிடும். சேமிக்கும்போது மட்டும், ‘பழைய படத்தை அழிக்கவா?’ என்று நச்சரித்தது. ‘ஆமாம்’ என்ற பதிலையும் சேர்த்தே பதிந்தேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

அக்காவின் மகள் குறைமாதத்தில் பிறந்து, பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் செல்போனைக்கூட உள்ளே விடமாட்டார்கள். நர்சிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஏழாம் நாள் பத்து நிமிடம் கேமராவோடு போனேன். முப்பத்திரண்டு படங்கள் எடுத்தேன். அந்த வாரத்து மற்ற குழந்தைகளின் ஃபோல்டரிலேயே அவளையும் போட்டுப் பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். கேமரா கார்டையும் அடுத்த வேலைக்காகக் காலி செய்துவிட்டேன். நாலு நாளில் அவள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அக்காவும் மாமாவும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். படத்தைத் திறந்தேன். அக்கா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“அந்தச் செவப்பு மச்சம் எங்கடி?”

முப்பத்திரண்டிலும் தேடினேன்; ஒன்றிலும் இல்லை. மென்று விழுங்கி உண்மையைச் சொன்னேன். அக்கா அடித்திருந்தால்கூடத் தேவலை.

“சரி, நீயே வரைஞ்சு குடு. பட்டாணி அளவுதான். கன்னத்துல.”

வரைந்தேன்.

“இன்னும் மேல. இல்ல, கொஞ்சம் கீழ.”

மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார். “கன்னத்துல இல்லம்மா. புருவத்துக்கு மேல.”

“பெத்தவ எனக்குத் தெரியாதா?”

“நானுந்தானே தினமும் பாத்தேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் நான் வெளிச்சத்தையும் ஃபோகஸையும்தான் பார்த்திருந்தேன்.

“எனக்குத் தெரியலக்கா,” என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் முகத்திலேயே விரலை வைத்து, கன்னம், புருவம், மறுபடி கன்னம் என்று தேடினாள்.

“ஒரு மாசந்தான்டி ஆச்சு,” என்றாள். “அதுக்குள்ள நான் மறந்துட்டேனா?”