நான் தேய்க்கட்டுமா?

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் மைக்ரோ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் கணக்கர். "இந்தப் பொண்ணு பேசறது காதுக்கு எட்டாது, மைக்ரோஸ்கோப் வெச்சுத்தான் பாக்கணும்" என்று ஒருநாள் சொன்னார், அது ஒட்டிக்கொண்டது. கணக்கருக்கும் ஒரு பெயர் உண்டு: பூட்டு. சாப்பிடும்போதுகூடப் பணப்பெட்டியின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காதவர். அந்தப் பெயரை அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

அப்படிப்பட்ட மைக்ரோ கடந்த சில மாதங்களில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் பிறர் காதில் விழும்படி சொல்லக் கற்றிருந்தாள்.

"நான் தேய்க்கட்டுமா?"

ஆய்வகத்தார் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். பில் வரும். ஆளாளுக்குப் பர்ஸைத் தடவுவதற்குள் அவள் கார்டை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவாள். "நான் தேய்க்கட்டுமா? நீங்க அப்புறமா எனக்கு அனுப்பிடுங்க." முதல் தடவை சொன்னபோது காது மடல் சுட்டது. இப்போதும் சுடத்தான் செய்கிறது, ஆனால் பழகிவிட்டது.

அது பயணப் புள்ளிகள் தரும் கடன் அட்டை. எதை வாங்கினாலும் புள்ளிகள் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் விமான டிக்கெட்.

டிக்கெட் எதற்கென்றால், அக்காவுக்காக. அக்கா கடல் தாண்டி இருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து முதல் பிரசவம். மாமாவுக்குக் கப்பலில் வேலை. பிரசவ மாதத்தில் அவர் எந்தக் கடலில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அம்மாவுக்கு முட்டி வலி, மாடிப்படியே ஏற முடியாது, விமானத்துக்கு எங்கே போக? "நீ வந்து பக்கத்துல உக்காந்திருந்தா போதும்டி. பேசக்கூட வேண்டாம், அது உனக்கு வராது" என்று அக்கா ஃபோனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபோனை வைக்கவில்லை. அந்த மாதத்தில் டிக்கெட் விலை மைக்ரோவின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கடன் வாங்குகிற வீடும் இல்லை அவர்களுடையது.

சாப்பாட்டு பில்லை மட்டும் நம்பினால் குழந்தை பள்ளிக்கூடம் போகும்போதுதான் டிக்கெட் கிடைக்கும். கை கொடுத்தது ஆய்வகம்தான். குடிதண்ணீரைச் சோதித்துச் சான்று கொடுக்கும் சின்ன இடம். குடுவை, வடிதாள், அமிலம் என்று ஏதாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் இணையக் கடையில்தான் மலிவு. ஆனால் ஆய்வகத்துக்குக் கார்டு கிடையாது. அவள் தன் கார்டில் வாங்குவாள், பூட்டு அன்றைக்கே அவள் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிடுவார். ஆய்வகத்தின் சொந்தக்காரரான மேடத்திடம் புள்ளி விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். "புள்ளியோ கோலமோ, எனக்கு பில் சரியா வந்தாப் போதும்" என்றார் மேடம்.

பூட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்த பேங்க்காரன் என்ன உனக்குத் தாய்மாமனா? சும்மா எதுக்கு ப்ளேன்ல ஏத்தி அனுப்பறான்?"

"சும்மா இல்ல சார். கடைக்காரங்ககிட்ட கமிஷன் வாங்கறாங்க. பாக்கி வெக்கறவங்ககிட்ட வட்டி வாங்கறாங்க. அதுல கொஞ்சம் இந்தப் பக்கம் தள்றாங்க."

"நீ பாக்கி வெக்கறதில்ல?"

"நீங்க அனுப்பற அன்னிக்கே கட்டிடுவேன். ஒரு மாசம் விட்டாக்கூட வட்டி வந்து புள்ளிய எல்லாம் முழுங்கிடும்."

"ஆக, எவனோ வட்டி கட்டறான், நீ பறக்கறே." பூட்டு டப்பாவை மூடினார். "நான் கையில காசு, வாயில தோசைன்னு வாழ்ந்தவன். எனக்கு இதெல்லாம் ஒத்துவராது."

அவள் எழுந்து போய்த் தன் டப்பாவைக் கழுவினாள். அவர் சொன்னதில் பாதி உண்மை.

கை கழுவிக்கொண்டிருந்த மேடம் திரும்பினார். "போன கருத்தரங்குக்குப் போனப்ப என் பெட்டி தொலைஞ்சுபோச்சு. ஒரு வாரம் ஒரே புடவை. உன் கார்டு அதுக்கு ஏதாவது செய்யுமா?"

மேடம் கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும். மைக்ரோ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். டிக்கெட்டை இந்தக் கார்டில் எடுத்தால் தொலைந்த பெட்டிக்குக் காப்பீடு உண்டு. வெளிநாட்டில் தேய்த்தால் சாதாரணக் கார்டு போல மேல்கட்டணம் பிடிக்காது. விமான நிலையத்தில் உட்காரத் தனி அறை, அங்கே சாப்பாடும் உண்டு. வருடச் சந்தா கொஞ்சம் கூடுதல்தான். வருடத்துக்கு ஒருமுறைகூடப் பயணம் போகாதவர்களுக்கு அது தண்டம். மேடம் மாதிரி அடிக்கடி போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. பூட்டு வாய் திறந்தபடி இருந்தார். மேடம் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பழைய மின்தராசு செத்துப்போனது. புதிதாக வாங்கினார்கள். ஆய்வகத்திலேயே விலை கூடின சாமான் அதுதான். பூட்டு பணத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் தேய்த்தாள். சில நாளில் புள்ளிகள் ஏறின. போகவும் வரவும் டிக்கெட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

"டிக்கெட் போட்டுட்டியாடி?" என்று அக்கா கேட்டாள்.

"நாளைக்குப் போட்டுடறேன். லீவு சொல்லிட்டேன்."

லீவில் போகிறவள் தராசை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் மறுநாள் காலை முழுச் சோதனையும் செய்ய உட்கார்ந்தாள். படிக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்தாள். சரியாகக் காட்டியது. இடது ஓரத்தில் வைத்தாள். மூன்று மில்லிகிராம் கூட. வலது ஓரத்தில் குறைவு. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தராசைச் சமன் செய்து மறுபடியும் வைத்தாள். மறுபடியும் அதேதான்.

குடிதண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வற்ற வைத்து, அடியில் மிஞ்சுகிற உப்பை நிறுப்பதுதான் அவர்கள் வேலை. மிஞ்சுவதே சில மில்லிகிராம். அதில் மூன்று கூடினால் நல்ல தண்ணீர் கெட்டதாகும். குறைந்தால் கெட்டது நல்லதாகும்.

வந்த நாளிலிருந்து அந்தத் தராசில் அவள் மட்டும்தான் நிறுத்திருந்தாள். கிண்ணத்தை நடுவில் வைப்பது அவள் கைப்பழக்கம். ஆகவே இதுவரை போன சான்றெல்லாம் சரிதான். இனிமேலும் நடுவில் வைத்தால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். தராசு திரும்பிப் போகும். பணம் கார்டுக்குத் திரும்பி வரும். பணம் வந்த வழியே புள்ளிகள் போய்விடும். முந்திக்கொண்டு டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் பிறகு சொல்லலாமா? விதிமுறைகளை எழுத்து விடாமல் படித்த ஒரே வாடிக்கையாளர் அவளாகத்தான் இருப்பாள்: செலவழித்த பிறகு புள்ளிகளைத் திரும்ப எடுக்க நேர்ந்தால், வங்கி அதற்கு ஈடான காசைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் காசு இருந்தால் அவள் எதற்குப் புள்ளி சேர்க்கிறாள்?

நடுவில் வைத்தால் போதும். ஒரு சீட்டு எழுதித் தராசில் ஒட்டலாம்: "கிண்ணத்தை நடுவில் வைக்கவும்."

அப்போதுதான் புயல் உள்ளே வந்தாள். அடுத்த மேசைக்காரி. கதவை இடுப்பால் திறப்பாள், காலால் மூடுவாள். வந்த வேகத்தில் கையிலிருந்த கிண்ணத்தை மைக்ரோவின் மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட எறிந்தாள் என்பதே சரி. கிண்ணம் வழுக்கிக்கொண்டு போய் மேசை விளிம்பில் நின்றது.

"நீ லீவுல போனதும் தராசு எனக்குத்தானே? சொல்லிக் குடுத்துட்டுப் போடி. ரெண்டு நிமிஷத்துல சொல்லணும், எனக்கு வேலை கிடக்கு."

மைக்ரோ விளிம்பில் நின்ற கிண்ணத்தைப் பார்த்தாள். அவள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாளெல்லாம் இங்கே நிறுக்கப்போவது இந்தக் கைதான். தராசு பொய் சொல்லாதது அவள் இங்கே இருக்கும்வரை மட்டும். தராசு வாங்கிக் கிடைத்த புள்ளியில்தான் அவள் போகப்போகிறாள். போனால் தராசு பொய் சொல்லும்.

"இல்ல," என்றாள். "இது திரும்பிப் போகுது."

மேடத்தின் அறைக்குத் தராசைத் தூக்கிப் போய் அவள் ஓரச் சோதனையைச் செய்தே காட்டினாள். மேடம் மூன்று தடவை செய்யச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?"

"இன்னும் நாள் இருக்கு மேடம். முழுப் பணமும் தருவாங்க."

"அனுப்பிடு. இவன்கிட்ட இன்னொண்ணு வாங்க வேண்டாம், வேற கம்பெனி பாக்கலாம்."

வேறு கம்பெனி என்றால் மறுபடியும் தேய்க்கலாமே என்று அவள் மனசு குதித்தது. மேடம் தொடர்ந்தார்.

"புதுத் தராசுக்கு உன்னை இழுக்கல. அன்னிக்கு நீ சொன்னதிலேர்ந்து யோசிச்சிட்டே இருந்தேன். நானே அந்தக் கார்டை வாங்கிடறேன். அடுத்த கருத்தரங்குக்கு உதவும். இனிமே ஆய்வகச் சாமான் எல்லாம் அதுலயே வாங்கிக்கலாம். உனக்கும் தொல்லை விட்டுது."

"சரி மேடம்," என்றாள் மைக்ரோ.

வெளியே பூட்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கதவு மெலிசு. முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டார்.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியேம்மா. உன்னை யாரு அவ்வளவு விளக்கமாச் சொல்லச் சொன்னா?"

"அவங்க கேட்டாங்க சார்."

"கேட்டா? நான்கூடத்தான் நாப்பது வருஷமா கணக்குப் பாக்கறேன். யார் கேட்டாலும் பாதிதான் சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தணித்தார். "அக்காவுக்கு என்ன சொல்லப்போறே?"

அவள் தராசைத் தூக்கிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். தராசைப் பெட்டிக்குள் வைத்துப் பஞ்சு அடைத்தாள். டேப்பை ஒட்டும்போதுதான் விதிமுறையின் இன்னொரு வரி நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே கார்டு வைத்திருப்பவர் மூலமாகப் புதிதாக ஒருவர் சேர்ந்து, கார்டைத் தேய்த்தால், சேர்த்துவிட்டவருக்கும் புள்ளிகள் உண்டு. சாப்பாட்டு பில் அளவு இல்லை, நிறைய.

அன்று மதியம் மேடம் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். அப்போது எல்லாவற்றையும் சொன்னவள் இதை மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. தனக்கு லாபம் வருகிற விஷயத்தைச் சொன்னால் மற்றதெல்லாம் தரகு பேசியது போல ஆகிவிடும் என்று கூச்சம். இப்போது சொன்னால் இன்னும் மோசம். தராசைத் திருப்பிக் கொடுத்த கையோடு கூலி கேட்பது போல இருக்கும்.

மேடத்தின் அறைக் கதவு திறந்திருந்தது. மேடம் கணினியில் வங்கியின் பக்கத்தைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒற்றை விரலால்தான் தட்டுவார். அந்த ஒற்றை விரல் அவளுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தது.

அவள் வாசலில் நின்றாள். புயல் அவளை இடித்துக்கொண்டு போனாள். பூட்டு அந்தப் பக்கமாக ஒருமுறையும் இந்தப் பக்கமாக ஒருமுறையும் நடந்தார்.

"மேடம்."

மேடம் நிமிரவில்லை. கேட்டிருக்காது.

"மேடம்!"

அந்தக் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மேடம் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அதை அனுப்பிடாதீங்க. என் மூலமா சேந்தீங்கன்னா எனக்குப் புள்ளி வரும். உங்களுக்கு இதனால ஒண்ணும் குறையாது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்கு அக்காகிட்ட போகணும் மேடம். தராசு புள்ளியிலதான் போறதா இருந்தேன்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் திட்டத்தில் இல்லாதவை. தாமாக வந்துவிட்டன.

மேடம் அவளையே பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த படிக்கல் பெட்டியைப் பார்த்தார்.

"அது போயிடும்னு தெரிஞ்சுதான் காலையில வந்து சொன்னியா?"

அவள் தலையசைத்தாள்.

"இதைச் சொல்லவா வாசல்ல அவ்வளவு நேரம் நின்னே? திரையில உன் நிழல் தெரிஞ்சுகிட்டேதான் இருந்தது. ஒண்ணுக்குப் போக வழி கேக்கற மாதிரி நெளிஞ்சுக்கிட்டு." மேடம் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "வா, நீயே அடி. என் விரலுக்கு இது இன்னிக்கு முடியாது."

கார்டு வந்தது. மேடம் அதில் வேறு கம்பெனித் தராசை வாங்கினார். இந்தத் தடவை மைக்ரோ பெட்டியைப் பிரித்ததும் முதலில் ஓரத்தில்தான் வைத்துப் பார்த்தாள். எல்லா ஓரத்திலும் ஒரே எடை. புயல் ஒரு கிண்ணத்தை எறிந்து பார்த்தாள். அதற்கும் சரியாகத்தான் காட்டியது.

சேர்த்துவிட்டதற்கான புள்ளிகள் வந்தன. மைக்ரோ கணக்குப் பார்த்தாள். பூட்டு தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"போதுமா?"

"போறதுக்குப் போதும் சார்."

"வர்றதுக்கு?"

"போதாது."

பூட்டு சட்டைப் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் மேசைக்குப் போனார்.

அன்று வேலை முடிந்ததும் அவள் போவதற்கு மட்டும் டிக்கெட் போட்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அக்காவைக் கூப்பிட்டாள்.

"போட்டுட்டேன்கா."

மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழாதே. ஒண்ணு கேக்கணும். தொட்டில் வாங்கிட்டியா?"

"இல்லடி. நாளைக்குப் போகலாம்னு இருந்தேன். ஏன்?"

"வாங்காதே. வண்டி, துணி, டயப்பர், எதையும் வாங்காதே. நான் வந்து தேய்க்கறேன், நீ எனக்கு அனுப்பிடு. அங்க தேய்ச்சா மேல்கட்டணம் கிடையாது."

"வந்து இறங்கறதுக்கு முன்னாடியே வியாபாரமா? எதுக்குடி?"

"திரும்பி வரணுமே," என்றாள் மைக்ரோ. நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தணிக்கவில்லை.