பூசையில் வைத்த நாணயம்

டென்மார்க்கில் பழைய நாணயத்துக்குப் பூச்சியம்தான் முதல் மார்க். அச்சடித்த நாளிலிருந்து ஒருவர் கையிலும் புழங்காத நாணயத்துக்கே அதைக் கொடுப்பார்கள். ஒன்று, இரண்டு என்று எண் ஏற ஏறத் தரம் இறங்கும். இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தியே நான் களைத்துப் போனவன். கலியாண வீட்டில் யாராவது "என்ன ஞானரட்ணம் அண்ணை, இன்னும் அந்தப் பழைய சில்லறையோட தான் மினக்கெடுறியளோ?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டோஸ்ட்ருப்பில் எங்கள் நாணயச் சங்கத்தில் அப்படி யாரும் கேட்பதில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய் பின்னேரம் கூடுவோம். டேனிஷ்காரர் பத்துப் பேர், நான் ஒருவன். வெள்ளி நாணயத்தை விளக்குக்குக் கீழே மெல்லச் சரித்தால், அதன் மேல் ஒரு மினுக்கம் வட்டமாகச் சுற்றி வரும். அந்த மினுக்கம் உடைந்திருக்கிறதா இல்லையா என்பதை என்னைப்போலக் கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை. சந்தேகம் வந்தால் "ரட்ணத்திடம் கொடு" என்பார்கள். அந்த ஒரு வசனத்துக்காகவே நான் போய்வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மினுக்கத்துக்கு எமன் தேய்ப்பது. துணியால் ஒருமுறை துடைத்தாலே மெல்லிய கீறல்கள் விழும். பிறகு எந்தச் சாமியாலும் அதைத் திருப்பித் தர முடியாது. எங்கள் சங்கத்தில் ஒருவரைப் பார்த்து "நீ நாணயத்தைத் தேய்ப்பவன்" என்று சொன்னால், அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

ஹோல்கருக்கு எண்பத்துமூன்று வயது. பல்வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எட்டாம் கிறிஸ்டியன் மன்னர் காலத்து ஸ்பெசிடாலர் ஒன்று இருந்தது. 1846ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி நாணயம், பூச்சியத் தரம். நூற்றெழுபது வருசமும் சும்மா கிடந்ததில் அதன் ஓரம் லேசாக நீலம் பாரித்திருந்தது. சங்கத்தின் கண்காட்சிக்குப் படம் எடுக்கவென்று அதை என்னிடம் இரண்டு கிழமைக்குத் தந்தார். துண்டு எழுதவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை.

அவருக்கு மறதி தொடங்கியிருந்ததை எல்லோரும் அறிவோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குத் திங்கட்கிழமையே வந்து நின்றிருக்கிறார். நாங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தோம். அவரும் அதைப்பற்றிக் கதைக்கமாட்டார். பயந்திருந்தார் என்பது மட்டும் தெரியும்.

முதல் நாளே ஆறு படம் எடுத்தேன். மூன்றாம் நாள் சரஸ்வதி பூசை. மகள் துவாரகா ஓல்போர்க்கில் படிக்கிறாள், அவளுடைய பழைய கணக்குக் கொப்பிகளை மனைவி ராசமலர் ஏற்கெனவே சாமித்தட்டில் வைத்திருந்தாள். நான் வேலைத்தலத்திலிருந்து போன் எடுத்தேன்.

"இஞ்சரும், என்ரை மேசையில ஒரு சின்னப் பெட்டி கிடக்கு. அதையும் அம்மனுக்கு முன்னால வையும்" என்றேன்.

பூச்சியத் தர நாணயம் என் வீட்டுச் சாமித்தட்டில் இருக்க வேண்டுமென்று எனக்கு ஆசை. என்னுடையதில்லை என்பது வேறு கதை.

வீட்டுக்கு வந்தபோது குத்துவிளக்கு, குங்குமச்சிமிழ், செம்பு எல்லாம் பளபளத்தன. அவற்றுக்கு நடுவே, சந்தனப் பொட்டோடு, அலுமினியத் தகடுபோல வெளுத்துப்போய் ஸ்பெசிடாலர் இருந்தது.

"கறுத்துப்போய்க் கிடந்ததப்பா. அப்பிடியே அம்மனுக்கு முன்னால வைக்கிறதே? திருநீறு போட்டு நல்லாத் தேய்ச்சனான்" என்றாள் ராசமலர். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

நான் கத்தினேன். "ஆர் உம்மைத் தொடச் சொன்னது?" என்று கேட்டேன். வைக்கச் சொன்னதே நான்தான். பெட்டியைத் திறக்க வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் பூசைக்கு அவித்த கடலையைச் சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் சங்கத் தலைவி பென்தே நாணயத்தை விளக்கடியில் ஒருமுறை சரித்தாள். இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

"இது தேய்த்தது" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே வசனத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் திருநீறையும் சரஸ்வதியையும் எப்படிச் சொல்வது? "அதுதானே, இவர்கள் இப்படித்தான்" என்று அவர்கள் மனதுக்குள் நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சம். என் வீட்டை நினைத்தே கூசினேன்.

"எனக்குத் தரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றேன்.

ஹோல்கர் என்னோடு வாதாடவில்லை. தன் இரண்டு கைகளையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் நான்தான் செய்திருக்கிறேன்" என்றார் மெதுவாக. "எனக்கு ஞாபகமே இல்லை. உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேன், ரட்ணம். மன்னித்துக்கொள்."

அன்று வீட்டுக்கு வந்து முதல் நாள் எடுத்த ஆறு படங்களையும் அழித்தேன். அந்த மினுக்கம் இருந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவைதான். ராசமலர் குசினியிலிருந்து கேட்டாள்.

"அந்த மனிசன் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. கோவமில்லையாம். விடும்."

அவள் அதை ஹோல்கரின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு ஹோல்கர் தன் நாணயத் தட்டுகள் முழுவதையும் கொண்டுவந்திருந்தார். நாற்பது வருசச் சேர்ப்பு.

"பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "என் கையை நான் இனி நம்பமாட்டேன். வேறு எதைத் தேய்த்தேனோ தெரியாது. என்னை டொக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி மகளிடமும் சொல்லிவிட்டேன். வீட்டில் தனியாக இருப்பதும் இனிச் சரிவராது."

பென்தே எதிர்ப்பக்கம் திரும்பித் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். நான் குனிந்து ஒரு தட்டைப் பார்ப்பதுபோலப் பாசாங்கு செய்தேன். சொல்லடா, சொல்லடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு திறந்தது. ராசமலர். வயோதிபர் இல்லத்து வேலைச் சப்பாத்துகூட மாற்றாமல், கையில் மரக்கறி ரோல்ஸ் பெட்டியோடு நின்றாள். ஹோல்கர் யாரென்று அவளுக்கு யாரும் காட்டத் தேவையிருக்கவில்லை. வேலையிடத்தில் முதியவர்களுடன் கதைக்கும்போது செய்வதுபோல நேரே போய் அவர் கதிரைக்கருகில் குந்தி, கண்ணுக்கு நேரே பார்த்து, நிறுத்தி நிறுத்தி டேனிஷில் சொன்னாள்.

"ஹோல்கர், நான் ரட்ணத்தின் மனைவி. உங்கள் நாணயத்தை நான்தான் தேய்த்தேன். எங்கள் வீட்டுப் பூசைக்காக, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பிழையென்று தெரியாது. உங்களுக்குக் கோபமில்லை என்று இவர் சொன்னார். ஆனாலும் நேரே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்."



"நீங்களா?" என்றார் ஹோல்கர்.

"நான்தான்."

"நான் இல்லை?"

"இல்லை. நீங்கள் இல்லை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். ராசமலரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "பென்தே, கேட்டாயா? நான் இல்லையாம்" என்றார். தன் நாணயம் பாழானதற்கு ஒரு மனிதன் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் பார்த்ததில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது, ஆனால் நெற்றி சுருங்கியது.

"ரட்ணம், நீ இதை எனக்குச் சொன்னாயா? சொல்லி, நான்தான் மறந்துவிட்டேனா?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். ராசமலர் என்னை நிமிர்ந்து பார்த்தாள், அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஆம் என்று நான் சொல்லியிருந்தால் ஹோல்கர் நம்பியிருப்பார். அந்தச் சொல் என் நாக்கின் நுனிவரை வந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதற்காகத்தான் நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"நீங்கள் எதையும் மறக்கவில்லை, ஹோல்கர்" என்றேன். "நான் சொல்லவில்லை. பொய் சொன்னேன்."

ராசமலர் எழுந்து, ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, ஹோல்கருக்கு முதலில் நீட்டினாள். பிறகு பென்தேவுக்கு, பிறகு மற்றவர்களுக்கு. என்னிடம் வந்தபோது மூடியைப் போட்டு மூடினாள்.