மூன்றடுக்கு மாலை

ஷிஜிக்கு நெய்யாற்றின்கரை நகைக்கடை ஒன்றில் வேலை. நாள் முழுக்கப் பிறர் கழுத்தில் மாலை பூட்டிவிடுகிற அவள் கழுத்தில் ஒரு பொட்டு நகை கிடையாது. எபினைக் கட்டிக்கொண்டு கொல்லயில் ஊருக்கு வந்தபோது, நகை கூடாது என்கிற அவன் வீட்டாருடைய கிறிஸ்தவ சபையின் முறைப்படி கம்மலைக்கூடக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டாள். அதில் அவளுக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம், விளம்பர வீடியோவுக்கு வரவேண்டிய பெண் வரவில்லை. மேலாளர் ராபின்சன் கடைப்பெண்களைப் பார்த்துவிட்டு, நீளமாலைக்கு ஏற்ற கழுத்து ஷிஜிக்குத்தான் என்றார். இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்றும் சொன்னார். அவள் போட்டுக்கொண்டாள். மாலைக்கு மூன்று அடுக்கு. கடைசி அடுக்கு வயிறுவரை இறங்கியது. கண்ணாடியில் பார்த்ததும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். வீடியோ எடுத்து முடிந்த பிறகும் கழற்ற மனம் வராமல் சற்றுநேரம் அப்படியே நின்றாள்.

இரண்டே நாளில் வீடியோ சபை முழுக்கப் பரவிவிட்டது. மாமியார் சுகிர்தபாய் ஏசவில்லை. சாப்பாடு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போதகர் எபினை அழைத்து ஒரு வழி சொன்னார். கடையில் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சபை முன்பாக ஷிஜி ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் அதோடு முடிந்தது. எபின் மூன்று நாள் கெஞ்சினான். கடைசியில் ஷிஜி சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷிஜி எழுந்து நின்றாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆரும் நிர்பந்திச்சில்ல," என்றாள். "நானாட்டு போட்டதாக்கும். எனக்குப் பிடிச்சிருந்துது."

போதகர் தலை குனிந்துகொண்டார். பின்பு, குற்றமில்லாதவர்கள் மட்டுமே அப்பம் எடுக்கிற திருவிருந்து நடந்தது. அப்பத்தட்டை ஏந்திவந்த மூப்பர் ஷிஜியைத் தாண்டிப்போனார். ஆண்கள் வரிசையில் எபினிடம் நீட்டினார். எபின் எடுத்துக்கொண்டான்.

திரும்பும் வழியில், உதியன்குளங்கரை தாண்டியதும் அவன் பைக்கை ஓரமாக நிறுத்தினான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தீந்திருக்குமே."

"கள்ளம் சொல்லிட்டு எப்பிடி அப்பம் எடுக்க?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் சுகிர்தபாய் இருவருக்கும் சோறு விளம்பிவிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வழக்கமாக மூன்றுபேரும் சேர்ந்துதான் உண்பார்கள். எபின் அடுக்களை வாசலில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு வந்து ஷிஜிக்கு எதிரே உட்கார்ந்தான்.