குமிழி வரவில்லை

நெஞ்சுக்கூட்டுக்குள் குழாய் போட டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. இந்த முறை என் சொந்த அக்காவே மாணவியாக வந்து உட்கார்ந்ததுதான் தலைவலி. பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்கு வந்தவள். அடுத்த வாரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அங்கே அவள் ஒருத்திதான் டாக்டர். வகுப்பில்கூட என்னை மிரட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் குழாய் போடுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இன்று காலை ஒரு லாரி டிரைவர் வந்தார். ஸ்டீயரிங் இடித்து விலா உடைந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருந்தது. அதை வெளியேற்றாவிட்டால் மூச்சு நின்றுவிடும். அக்காவைக் குழாய் போடச் சொல்லிவிட்டு நான் கையுறையோடு கைகட்டி நின்றேன். படிப்பவர் செய்யும்போது நான் தொடமாட்டேன். அது என் வீம்பு.

மரத்துப்போக ஊசி போட்டாள், கீறினாள், இடுக்கியால் வழி செய்து குழாயைச் செருகினாள். உள்ளே போய்விட்டது என்றாள். நர்ஸ் குழாயைத் தண்ணீர் பாட்டிலில் இணைத்தார். காற்று குமிழி குமிழியாக வரவேண்டும். ஒன்றுகூட வரவில்லை.

தவறு எங்கே என்று எனக்குப் புரிந்தது. எங்கள் பொம்மை பலர் குத்திக் குத்தித் தொளதொளத்துப் போனது. இடுக்கியை வைத்தாலே வழிவிடும். அக்கா இங்கேயும் பூவைத் தொடுவதுபோல் தொட்டு நிறுத்திவிட்டாள். குழாய் நெஞ்சுக்குள் போகாமல் தோலுக்கடியில் படுத்துக்கிடக்கிறது. புதுப் பொம்மை கேட்காமல் பழசையே ஓட்டியவள் நான்தான்.

திரையில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்தது. டிரைவரின் உதடு நீலம் பாரித்தது.

"நீயே போட்டுடு," என்றாள் அக்கா.

நான் கையைக் கட்டிக்கொண்டேதான் நின்றேன்.

"அத வெளிய எடு. விலாவோட மேல் ஓரத்துல இடுக்கிய வச்சு அழுத்து. உனக்கே பயமா இருக்கற அளவுக்கு அழுத்து."

கண் கலங்க அழுத்தினாள். உள்ளே ஏதோ பட்டென்று விட்டது. புஸ்ஸென்று காற்று வந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்து, புதுக் குழாயைச் செலுத்தினாள். பாட்டிலில் குமிழிகள் கொப்பளித்தன. கொஞ்ச நேரத்தில் டிரைவர் தண்ணீர் கேட்டார்.

கை கழுவும் இடத்தில், நன்றாகச் செய்தாய் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவர் போயிருந்தா? அப்பவும் கையக் கட்டிட்டுதான் நின்னிருப்பியா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதிலிருந்தே அவளிடம் என் பொய் எடுபட்டதில்லை. மறுபடி சோப்பைத் தேய்த்தேன்.