தமிழில் கேட்காத கேள்வி

ஷீபா சிஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் வருகிறவர்களை, வயசு பார்க்காமல் பதவி பார்க்காமல், வரிசையில் வைத்தே கிழித்துவிடுவாள். போர்ட் பிளேரின் அந்தச் சின்ன அரசு ஆஸ்பத்திரிக்கு சுகர், பிரஷர் பார்க்க வருகிறவர்கள் டாக்டரைவிட அவளுக்குத்தான் பயப்படுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் சிக்கும். அதுவும் தமிழ் ஆட்களிடம் மட்டும்.

அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் டாக்டர் மண்டல் மேடம். கால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்று கேட்கிற மாதிரியே, தாம்பத்தியத்தில் ஏதாவது சிரமம் உண்டா என்றும் எல்லாரிடமும் கேட்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. சுகரும் பிரஷரும் அங்கேயும் கைவைக்கும், ஜனங்கள் தாங்களாக வாய் திறக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும் என்பார். ஷீபாவும் கேட்டாள். பெங்காலித் தாத்தாக்களிடம், தெலுங்கு மீனவர்களிடம், ராஞ்சிக்காரர்களிடம், எல்லாரிடமும் இந்தியில் கேட்டாள். “மியா பீவி கா சப் டீக் ஹை? கோயி திக்கத்?” புருஷன் பெண்டாட்டிக்குள் எல்லாம் சரிதானா, ஏதும் சிரமமா என்று. இந்தி அவளுக்கு வேலை நேரத்துக் கையுறை மாதிரி. எதையும் தொடலாம், கையில் ஒட்டாது.

தமிழ் ஆள் எதிரே வந்து உட்கார்ந்தால் கதை வேறு. எல்லாரும் அண்ணன், மைனி, சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்தில் நிற்கிறவர்கள். தாம்பத்தியம் என்று காகிதத்தில் எழுதலாம், மாதாமாதம் மாத்திரைக்கு வருகிற அடைக்கலசாமி அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதனால் அவர்களிடம் காலைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, உள்ளே போய் “சப் டீக் ஹை, மேடம்” என்று சொல்லிவிடுவாள். மேடம் நம்பினார். நம் ஆட்களுக்கு நாம் கொடுக்கிற மரியாதை இது என்று ஷீபாவும் நம்பிக்கொண்டாள்.

அந்த மரியாதையின் லட்சணம் ஒரு சாயங்காலம் அவள் சமையலறைக்கே வந்து நின்றது.

ஷாதிபூரில் அவள் தெருவிலேயே குடியிருக்கிற ஞானசெல்வி மைனி வந்திருந்தாள். அடைக்கலசாமியின் மனைவி. அவளும் சுகருக்கு மாத்திரை வாங்குகிறவள்தான். புருஷனும் பெண்டாட்டியும் மாதாமாதம் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

“நாளைக்குக் கப்பல்ல ஊருக்குப் போறேன் ஷீபா. தூத்துக்குடியில அண்ணன் வீட்டுக்கு. இனி இங்க வர மாட்டேன்.”

“என்ன மைனி இது, திடுதிப்புன்னு?”

“அவருக்கு வேற பொம்பள இருக்கு.” ஞானசெல்வி அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம். “ரொம்ப நாளா முன் ரூம்லதான் படுக்காரு. பக்கத்துல போனா அலுப்பா இருக்குங்காரு. போன வாரம் அபர்டீன் பஜார்ல ஒரு லாட்ஜ் படி ஏறிப் போனத என் கண்ணால பாத்தேன். உள்ளூர்ல வீடு இருக்கிற ஆம்பளைக்கு லாட்ஜ்ல என்னட்டி வேல?”

எந்த லாட்ஜ் என்று ஷீபாவுக்குப் புரிந்தது. மாதாமாதம் மெயின்லேண்டிலிருந்து வந்து அந்த லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியரின் நோட்டீஸ் பஜார் முழுக்க ஒட்டியிருக்கும். ஆண்மைக் குறைவுக்கு ரகசிய சிகிச்சை. ஆனால் அதை அவள் எப்படிச் சொல்வாள்? ஊகம்தானே. நிஜமாக இருந்தாலும் அது அண்ணன் சொல்ல வேண்டிய விஷயம். “போகாதீங்க மைனி” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஞானசெல்வி காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனாள்.

மறுநாள் காலையிலேயே ஷீபா போன் போட்டு அடைக்கலசாமியை வரச்சொன்னாள். ஹேடோவில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர், கிரீஸ் கையோடே வந்தார். பிரஷர் பார்த்தாள். பயமுறுத்துகிற அளவுக்கு ஏறிக் கிடந்தது.

“அண்ணே, நீங்களும் மைனியும்… வீட்டுல…” அதற்கு மேல் வரவில்லை. இத்தனை நாள் ஊரையே அதட்டிய வாய் அது. தன்மேல் அவளுக்கே எரிச்சல் வந்தது. கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியை, அதே இந்தியில் கேட்டாள்.

அடைக்கலசாமி வெகுநேரம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார். “திக்கத் ஹை, சிஸ்டர்”, சிரமம் இருக்கிறது என்றார். அவர் அவளை சிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு தமிழர்கள் உட்கார்ந்து இந்தியிலேயே எல்லாவற்றையும் பேசினார்கள். உடம்பு ஒத்துழைக்காமல் போய் ரொம்ப நாளாகிறது. பிரஷர் மாத்திரையால்தான் இப்படி என்று கூட வேலை செய்கிறவன் சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டார். லாட்ஜ் வைத்தியர் கொடுத்த பொடியைத் தின்கிறார். பெண்டாட்டி பக்கத்தில் வந்தால் பயமாக இருக்கிறது. எல்லாம் சொல்லி முடித்தபிறகு அவர் தமிழுக்குத் திரும்பினார்.

“போன தடவ எனக்கு முன்னால உக்காந்திருந்த பெங்காலி ஆள்ட்ட நீ கேட்டல்லா? நான் பின்னால இருந்து கேட்டேன். சரி, அடுத்து என்ட்டயும் கேப்பா, சொல்லிருவோம்னு மனசத் தேத்திட்டு வந்து உக்காந்தேன். நீ கால் எரியுதான்னு கேட்ட. போகச் சொல்லிட்ட.”

ஷீபாவால் அவரைப் பார்க்க முடியவில்லை.  மேடத்திடம் கூட்டிப்போய், இத்தனை மாதமும் தான் சொன்னது பொய் என்று அண்ணன் முன்னாலேயே ஒப்புக்கொண்டாள். மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. பொடியைத் தூக்கிப்போடச் சொன்னார், மாத்திரையை மாற்றி எழுதினார், இது வியாதியில் வருவது, பார்க்க வழி இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார்.

வெளியே வந்ததும் ஷீபா கெஞ்சினாள். “மைனிட்ட சொல்லுங்க அண்ணே. உங்களுக்கு வேற பொம்பள இருக்குன்னு நெனச்சிட்டிருக்காங்க. இன்னைக்குக் கப்பல்.”

“போகட்டும்” என்றார் அவர். “பொம்பள வச்சிருக்கேன்னு நெனச்சா, ஆம்பளைன்னாவது நெனைக்கால்லா?”

“லூசு மாதிரி பேசாதீங்க. மைனி வாழ்க்கையே போச்சுன்னு கெளம்பிட்டாங்க. ஏறுங்க வண்டியில.”

ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஹேடோவுக்கு விட்டாள். துறைமுக கேட்டுக்கு வெளியே, மூட்டை முடிச்சுகளோடு நின்ற கூட்டத்தில் ஞானசெல்வியும் நின்றிருந்தாள். ஷீபா பத்தடி தள்ளி நின்றுகொண்டாள். ஆனாலும் காதில் விழுந்தது.

“செல்வி, மேரா… தபியத்…” என்று தன் உடம்பைப் பற்றி இந்தியில் ஆரம்பித்தார் அடைக்கலசாமி. அவர் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், கூச்சம் வந்தால் இந்திக்குள் போய் ஒளிந்துகொள்வார். ஞானசெல்வி கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து வந்தவள். அவளுடைய இந்தி காய்கறிக் கடையோடு சரி.

“எந்த எழவா இருந்தாலும் தமிழ்ல சொல்லுங்க.”

அவர் சொன்னார். திக்கித் திக்கி, தலையைத் தூக்காமல், சொல் கிடைக்காத இடத்தில் கையை மட்டும் ஆட்டிச் சொன்னார். லாட்ஜையும் பொடியையும் சொன்னார். ஞானசெல்வி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“கூறுகெட்ட மனுசா. இதுக்காகவா? எங்க அண்ணன் பொண்டாட்டி வரைக்கும் சொல்லிட்டேனே, உங்களப் பத்தி அசிங்க அசிங்கமா…” இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவர் பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஷீபாவிடம் வந்தாள்.

“ஆஸ்பத்திரியில இதெல்லாம் கேப்பீங்களாமே? அவரு சொல்லுதாரு.”

“ஆமா மைனி.”

“எல்லார்ட்டயுமா?”

“எல்லார்ட்டயும்தான்.”

“மாசாமாசம் ரெண்டு பேரும் உன் முன்னாலதான வந்து உக்காந்தோம். அவர்ட்டயும் கேக்கல. எனக்கு எப்படி இருக்குன்னு என்ட்டயும் கேக்கலயே ஷீபா.”

 

வீட்டுக்குப் போக அடைக்கலசாமி கைகாட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். தெருமுனைக்குப் போவதானாலும் “வாரேன்ட்டி” என்று சொல்லிவிட்டுப் போகிறவள் ஞானசெல்வி. அன்று திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டாள்.