பக்கத்துக் கட்டில்

...அப்படியே சொல்லிவிடலாமா, கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று, மூன்றே சொல், ஆமென், உட்கார்ந்துவிடலாம், சபையில் யாருக்கும் அதற்கு மேல் வேண்டாம். கணவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாஸ்டரிடம் சொல்லி வைத்துவிட்டான், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இந்த ஞாயிறு கர்த்தர் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சி சொல்லுவாள் என்று. இப்போது முழங்கையால் இடிக்கிறான். "அடுத்தது நீதான். தொண்டையைச் சரி பண்ணிக்கோ." தொண்டைக்கு என்ன கேடு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி கணக்குச் சொல்லித்தந்த தொண்டை, அந்த மூன்று சொல்தான் வெளியே வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு நிற்கிறது. பாவம், அவனும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முழங்கால் வீங்க நின்றவன்தான்... அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

மைக்கில் எலக்ட்ரீஷியன், தொலைந்த சாவிக்கொத்து கிடைத்த கதை. "சாவிக்குள்ளயும் நமக்கு ஒரு பாடம் வச்சிருக்கார் பாருங்க" என்கிறார் பாஸ்டர், குழாய் சொட்டினால் பொறுமை, பஸ் தவறினால் விழிப்பு, அவருக்கு எல்லாமே பாடம், அவளுக்கும் ஒரு காலத்தில் அது பிடித்துத்தான் இருந்தது. சரி, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு என்ன பாடம்? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், அதே நோய், அதே டாக்டர், நடுவில் ஒரு பச்சைத் திரை. ராத்திரி ஜெபம் நீண்டால் திரையை விலக்கி எட்டிப் பார்ப்பாள். "டீச்சர், இவ்வளவு நீளமாச் சொன்னா அவரே தூங்கிடுவாரு. போற போக்குல என்னையும் சேர்த்துக்கோங்க, ரெண்டு பேருக்கும் ஒரே விண்ணப்பம் போதும்." சேர்த்தாள், எங்கள் இருவரையும் என்றுதான் கேட்டாள், ஒரே மூச்சில்... ஒருத்தி வீட்டுக்கு வந்தாள், ஒருத்திக்கு மயக்கம் தெளியவே இல்லை. கர்த்தரின் வழிகளே வேறு என்பார்கள், இருக்கட்டும், அம்மாவின் செருப்பைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தாளே வேன்காரியின் மகள், அவளிடம் போய் அதைச் சொல்லட்டும். நான் மாட்டேன். என்னைக் காப்பாற்றினார் என்று கைதட்டு வாங்கினால், அவளை என்ன செய்தார் என்பதையும் நானேதானே சொல்லியாக வேண்டும்? நன்றி இல்லாமலா, ஒவ்வொரு மூச்சிலும் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒருத்தி பசியோடு எழுந்து போன பந்தியில் உட்கார்ந்து எப்படி ஏப்பம் விடுவது? கேளும் கர்த்தரே, உமக்குத்தான் சொல்கிறேன்...

"டீச்சரம்மா, வாங்க." எழுந்தாள். "மானத்தை வாங்கிடாதே" என்று முணுமுணுத்தான் கணவன், அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். மைக் எலக்ட்ரீஷியனின் கைச்சூட்டோடு இருந்தது. எல்லாரும் அல்லேலூயாவை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தங்க இருந்தாங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணேன். நான் வந்துட்டேன், அவங்க வரல. இதுல என்ன பாடம்னு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்."

மைக்கை வாங்கப் பாஸ்டரின் கை நீண்டது. அவள் கொடுக்கவில்லை. ஒருவரும் ஆமென் சொல்லவில்லை, கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், கூரை இடிந்து விழவில்லை... இவ்வளவு வருஷ ஜெபத்தில் இன்றைக்குத்தான் கர்த்தருக்கு முன்னால் நல்ல பிள்ளை வேஷம் போடாமல் நிற்கிறேனோ, இதற்கா இவ்வளவு பயந்தேன்? அப்போது கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து நின்றார்கள், தூண் மறைத்தது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை, வெளியே போகவா, பேசவா... இங்கே இத்தனை வருஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டில் இருந்திருக்கும், ஒருநாளாவது நான் கேட்டேனா?